கண்ணாடிக் கோளங்களுக்குக் காவல் இருந்தவர்களுக்கு

அன்புடையீர்,

ஆய்வேட்டின் நன்றிப் பக்கம் பேராசிரியர்களோடும் நிதி தந்தவர்களோடும் நிறைந்துவிட்டது. மற்றவர்களுக்கு இந்த மடல்.

"உள்ளே அப்படி என்னதான் செய்கிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். சொல்கிறேன். கண்ணாடி ஃபைபரின் நுனியை லேசரால் உருக்கினால் பரப்பு இழுவிசை அதைக் கோளமாக்கிவிடும். கடுகைவிடச் சிறியது. இழுத்து மெலிதாக்கிய இன்னொரு ஃபைபரை அதன் அருகே வைத்து ஒளியை உள்ளே அனுப்புவோம். நுழைந்த ஒளி வெளியே தப்பாமல், முழு அகப் பிரதிபலிப்பால் (கண்ணாடியின் உட்பக்கத்திலேயே முழுதாகத் திரும்பி) சுவரை ஒட்டியே சுற்றும். லண்டன் செயின்ட் பால் தேவாலயக் குவிமாடத்தில் கிசுகிசுப்பு இப்படித்தான் சுவரோடு ஊர்கிறது என்று விளக்கியவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே. கர்நாடகத்தின் பிஜாப்பூரில் உள்ள கோல் கும்பஸ் கல்லறை மாடத்தில் நம் சி. வி. ராமனும் இதை ஆராய்ந்திருக்கிறார்.

ஒரு கோளம் மட்டும் இருந்தால், அது ஒத்ததிரும் (சுற்றும் ஒளி தன்னோடு தானே இசைந்து வலுக்கும்) அலைநீளத்தில், மெலிந்த ஃபைபரின் மறுமுனைக்கு வரும் ஒளி குறைந்து வரைபடத்தில் ஒரு பள்ளம் விழும். அதே அலைநீளத்தில் ஒத்ததிரும், ஒளி இழப்பு இன்னும் குறைவான இரண்டாவது கோளத்தை அருகே, தொடாமல், ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் நிறுத்தினால் கதை மாறுகிறது. அதற்குள் போய்த் திரும்பும் ஒளி முதல் கோளத்து ஒளியோடு எதிர்க்கட்டத்தில் (ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தோடு பொருந்தும்படி) சேர்ந்து அதை அடக்கிவிடும். பள்ளத்தின் நடுவே கூரான முகடு எழும். கோளத்தில் புரதம் ஒட்டினாலும் வெப்பம் மாறினாலும் அந்த முகடு நகரும். கூராக இருப்பதால் சிறு நகர்வும் தெரிந்துவிடும். உணரியாக (சென்சாராக) இது பயன்படுவது இதனால்தான்.

தொல்லையும் அங்கேதான். 1550 நானோமீட்டர் அலைநீளத்தில், ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் முகடு சுமார் 10 பிகோமீட்டர் நகரும் (நானோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு பிகோமீட்டர்). எங்கள் முகட்டின் அகலமோ ஒரு பிகோமீட்டர்கூட இல்லை! ஏசி காற்று நேராக மேசையில் விழாதபடி தகரத்தை வளைத்துத் திருப்பிவிட்ட மெக்கானிக் அண்ணே, என் முதல் நன்றி உங்களுக்குத்தான். இழுத்து மெலிதாக்கிய ஃபைபரில் ஒரு தூசி ஒட்டினாலும் ஒளி சிதறிவிடும். துடைப்பத்தை வாசலிலேயே வைத்துவிட்டு ஈரத்துணியால் துடைத்த அக்கா, உங்களுக்கும். அப்புறம், அதிர்வு வராதபடி, அளக்கும் நேரம் பார்த்து லிஃப்டை நிறுத்தி வைத்த வாட்ச்மேன் ஐயாவுக்கு (மாடியேறியவர்களின் முணுமுணுப்பையும் அவரே வாங்கிக்கொண்டார்). அக்ரிலிக் பெட்டி செய்துதந்த பட்டறைக்காரர்களுக்கும், அலைநீளம் மாற்றும் லேசரை இரவல் தந்த பக்கத்து ஆய்வகத்துக்கும்.

சனிக்கிழமை மாலை கேன்டீனில் டீயும் பஜ்ஜியும் என் கணக்கு. கண்டிப்பாக வாருங்கள். ஏசி தகரத்தை மட்டும் யாரும் கழற்றிவிடாதீர்கள், அடுத்த மாணவர் திங்களன்று அளவீட்டைத் தொடங்குகிறார்.

அன்புடன்,
உங்கள் ஆய்வக மாணவி