அக்காவின் மூத்தவன்

மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் முடிந்து நன்றாக இருக்கிறா. நெல் விலையும் இந்த முறை பரவாயில்லை. சரி, நீ கேட்டது அக்காவின் மூத்தவனைப் பற்றி. தெரியும்தானே, அவனுக்கு ஓட்டிசம்: கதைப்பதும் மற்றவர்களோடு பழகுவதும் வேறு மாதிரியாக இருக்கிற மூளை வளர்ச்சி நிலை.

இப்பவும் அதிகம் கதைக்கமாட்டான், ஆனால் நாள் முழுக்க வரைகிறான். 2013இல் கிளிநொச்சிக்குத் திரும்ப ரயில் வந்ததிலிருந்து அவனுக்கு ஸ்டேஷன்தான் உலகம். ஒருமுறை வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தோம். அடுத்த கிழமை சீஆர் கொப்பித் தாள்களை ஒட்டி ஒட்டி முறிகண்டி, மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை என்று முழு வழியையும் கறுப்புப் பேனையால் போட்டு வைத்திருந்தான். ரயில் கடவைக் கொட்டிலில் காயப்போட்டிருந்த சாரம்கூட அதில் இருக்கிறது, கோடு கோடாக.

அதைக் கண்டதும் எனக்குத் தாத்தாதான் நினைவு. 1977இல் தமிழருக்கு எதிரான கலவரத்தோடு அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து இங்கே கிளிநொச்சி பாரதிபுரத்தில் காடு வெட்டிக் குடியிருந்தவர். நீயும் பார்த்திருப்பாய், பின்னேரத்தில் திண்ணையில் இருந்து, ஒருவரோடும் கதைக்காமல், "அட்டன், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை" என்று நானுஓயா வரைக்கும் மலைநாட்டு ரயில் ஸ்டேஷன்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருப்பார், தன் கோப்பையைத் தவிர வேறெதிலும் சாப்பிடமாட்டார். 'ஒரு மாதிரியான ஆள்' என்றுதான் ஊரில் பேர். அவருக்கு ஓட்டிசம் என்று சொல்ல நான் வைத்தியன் இல்லை. ஆனால் அவர் இறுதி யுத்தத்தில் மாத்தளனில் மோசம்போனபோது இவன் கைக்குழந்தை, பார்த்துப் பழகினான் என்றும் சொல்ல முடியாது.

சனம் அக்காவைத்தான் குற்றம் சொல்கிறது. ஷெல்லடிக்குள் பெத்ததால் வந்ததாம், பங்கருக்குள் வைத்திருந்ததால் வந்ததாம், பிள்ளையோடு கதைத்து வளர்க்கவில்லையாம். கேட்கப் பற்றிக்கொண்டு வருகிறது. 1943இல் லியோ கானர் என்ற பிள்ளைகள் மனநல வைத்தியர் ஓட்டிசம் உள்ள 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினதற்குப் பிறகு அமெரிக்காவிலும் தாய்மார் இதே பேச்சைத்தான் வாங்கினார்கள். தாத்தா ஓடி வந்த அதே 1977இல்தான் இங்கிலாந்தில், ஒருவருக்காவது ஓட்டிசம் இருந்த 21 சோடி இரட்டையரை ஆராய்ந்த முடிவு வெளிவந்தது: ஒரே மரபணு கொண்ட உருவொத்த 11 சோடியில் 4 சோடிக்கு இருவருக்குமே ஓட்டிசம், மற்ற 10 சோடியில் அப்படி ஒன்றுகூட இல்லை. பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது என்று அப்போதுதான் பிடிபட்டது. யுத்தம் எங்களுக்குச் செய்தது கொஞ்சமில்லை, ஆனால் இதை அதன் தலையிலும் போடவேண்டாம், அக்காவின் தலையில் ஒருபோதும் போடவேண்டாம்.

லண்டனில் ஸ்டீபன் வில்ட்ஷயர் என்று ஒரு ஓவியர். தகப்பன் பார்படோஸ், தாய் சென். லூசியா. மூன்று வயதில் ஓட்டிசம் என்று கண்டார்கள், அதே வருசம் தகப்பன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார். 2005இல் டோக்கியோவை மேலிருந்து பார்த்துவிட்டு நினைவிலிருந்தே 10 மீற்றர் கன்வஸில் வரைந்தவர். எல்லாரும் அவருடைய ஞாபகசக்தியைத்தான் புகழ்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது, கூடவே நிற்கிற அவருடைய சகோதரி. எங்கள் சின்னவளும் ஏஎல் படிப்புக்கு நடுவில் அண்ணாவின் படங்களுக்குத் திகதி போட்டு அடுக்குகிறாள். முழுவதையும் அந்தப் பிள்ளையின் தலையில் வைக்க எனக்கு மனமில்லை. நான் இருக்கிறேன், நீயும் கைகொடுப்பாய்.

வரும்போது மை ஊறாத மெல்லிய கறுப்புப் பேனை ஒரு பெட்டி கொண்டு வா. தாள் வேண்டாம், கொப்பித் தாளைத்தான் ஒட்டுவான்.

அன்புடன்,
உன் மச்சான்