வெயில் மேல் பழி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் டேட்டா சென்டர் பற்றிய கட்டுரையில், "சேலத்து வெயிலை சர்வர்கள் தாங்காது, ஏற்காட்டில் வைத்தால் ஏசியே வேண்டாம்" என்று ஒரு வரி. விவரம் தெரிந்த தாங்கள் அதை எப்படி அனுமதித்தீர்கள்?

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்று நம் ஊர்க் காற்றைவிடப் பத்தில் ஒரு பங்கு மெலிந்தது. அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அந்த அளவுக்குக் குறைவான வெப்பத்தைத்தான் அள்ளும். ஜன்னலைத் திறந்தால் மூடுபனியின் ஈரமும் உள்ளே வரும்.

இங்கே சர்வர் அறைகள் சூடாவதற்குப் பெரும்பாலும் காரணம், குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் கலப்பதுதான். 5 கிலோவாட் ரேக்குக்கு (சர்வர்களை அடுக்கும் அலமாரிக்கு) ஒன்றரை டன் ஏசி கணக்குக்குச் சரி. காற்றின் அளவு சரியில்லையே! முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் 11 டிகிரி வித்தியாசம் என்றால் அந்த ரேக் நிமிடத்துக்குச் சுமார் 790 கன அடி காற்றை இழுக்கும். டன்னுக்கு 400 வீதம் ஏசி தருவது 600. மீதி 190ஐ, தான் பின்னால் தள்ளிய சூட்டிலிருந்தே ரேக் எடுத்துக்கொள்கிறது. முதலில் அடிபடுவது மேல் தட்டு சர்வர். அப்போதும் சுவர் தெர்மாமீட்டர் 22 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

போன கோடையில் இதே இணைப்பு "16 டிகிரியில் வையுங்கள்" என்றது. அதனால் காற்றின் அளவு ஒரு கன அடிகூட அதிகரிக்காது. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். லோடு குறைந்த இரவில் ஏசிக்குள் காற்றைக் குளிர்விக்கும் காயிலில் பனி பிடித்து, வரும் காற்றும் குறையும். குளிரூட்டல் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரே பரிந்துரைப்பது சர்வரின் முகப்பில், அதாவது அது காற்றை இழுக்கும் முன்பக்கத்தில், 18 முதல் 27 டிகிரி. அதற்கு முந்தைய கட்டுரையின் படத்தில் ஏசி ரேக்கின் முதுகைப் பார்த்து ஊதியது. பின்பக்கம் சுடுகிறது என்று ஏசியை அங்கே திருப்பிவிடும் வழக்கமான தவறு. அந்தப் படத்தைப் பார்த்து எத்தனை பேர் அப்படியே மாட்டினார்களோ!

செய்ய வேண்டியவை பெரிய செலவில்லாதவை. ஏசியை டன் பார்த்து மட்டும் வாங்காமல் காற்றளவும் பார்க்க வேண்டும். அது முகப்புப் பக்கம் ஊத வேண்டும். 42 யூ ரேக்கில் (யூ என்பது ரேக்கின் உயர அளவு, ஒரு தட்டு) காலியான ஒவ்வொரு யூவையும் பிளாங்கிங் பேனல் என்ற மூடுதகட்டால் அடைக்க வேண்டும். கேபிள் துளைகளில் காற்று கசியாதபடி பிரஷ் தடுப்பு வைக்க வேண்டும். ரேக்கின் மேல் பிவிசி திரை கட்டினால், சூடான காற்று ஏசியின் உறிஞ்சும் வாய்க்குத் திரும்ப வழி விட்டே கட்ட வேண்டும். பிறகு முகப்பில் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்துகொண்டே ஏசியின் செட்டிங்கை ஒவ்வொரு டிகிரியாக உயர்த்தலாம். முகப்பில் சூடு அளவு மீறினால் சர்வர் விசிறிகளே வேகம் பிடிக்கும். 20 சதவீதம் வேகம் கூடினால் அவற்றின் மின்செலவு 1.7 மடங்காகும்.

வெப்பத்தை அளக்க வேண்டிய இடம் சுவர் அல்ல, சர்வரின் முகப்பு என்று அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.