ஊதுற டெஸ்ட் பத்தி எங்க லேப்ல இருந்து ஒரு மடல்

வணக்கம்ங்க. போன மாசம் வாசல்ல ஒரு போர்டு வெச்சோம், "ஊசி வேண்டாம், ஊதினாலே நுரையீரல் நோய் தெரிஞ்சிடும்"னு. அதுல இருந்து வர்றவங்க பாதிப்பேரு, ஸ்பைரோமெட்ரி (எவ்ளோ காத்து, எவ்ளோ வேகமா ஊதுறீங்கன்னு அளக்குற டெஸ்ட்) வேண்டாம் அந்த புது மெஷின்லயே எடுத்துருங்கன்னு கேக்குறீங்க. தப்பு உங்க மேல இல்ல, அப்படி எழுதினது நாங்கதான், நேத்து கழட்டிட்டோம்.

அந்த மெஷின்ல எடுக்குறது ஃபீனோ டெஸ்ட். மூச்சுக்காத்துல நைட்ரிக் ஆக்சைடு எவ்ளோ இருக்குன்னு அளக்கும். வண்டிப் புகையில வர்ற அதே வாயுதான், நம்ம உடம்பும் துளியூண்டு தயார் பண்ணுது, மூச்சுக்குழாய்ல அலர்ஜி வீக்கம் இருந்தா அளவு ஏறும். பெரியவங்களுக்கு 25 பிபிபிக்கு (நூறு கோடி பங்கு காத்துல 25 பங்கு) கீழன்னா குறைவு, 50க்கு மேல போனா ஸ்டீராய்டு இன்ஹேலர் நல்லா கேக்கும்னு டாக்டருங்க எடுத்துக்குவாங்க. ஆஸ்துமாக்கு ரொம்ப உபயோகம்.

ஆனா சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் நாள்பட அடைச்சுக்குற நோய், வேற கதைங்க. வருஷக்கணக்கா பீடி குடிச்சவங்க, விறகடுப்புப் புகையிலயே சமைச்ச அம்மாங்க, இவங்களுக்கு வர்ற இளைப்புல ஃபீனோ பலபேருக்கு நார்மலாவே காட்டும், இப்பவும் பீடி குடிச்சா நம்பர் இன்னும் இறங்கும். ஒரு பெரியவரு ஃபீனோ 12தான் வந்துச்சு நுரையீரல் சுத்தம்னு ரிப்போர்ட்ட மடிச்சு சட்டைப்பையில வெச்சுட்டு கிளம்பிட்டாரு, அவரைப் புடிச்சு உக்கார வெச்சு இன்ஹேலர் குடுத்து 15 நிமிஷம் கழிச்சு ஸ்பைரோமெட்ரி எடுத்தா 0.58. அதாவது மொத்தமா ஊதின காத்துல முதல் செகண்ட்ல வெளிய வந்தது அவ்ளோதான். 0.70க்கு கீழ வந்தாலே குழாய் அடைப்பு இருக்குன்னு அர்த்தம், சிஓபிடின்னு சொல்ல இன்னிக்கும் இந்த டெஸ்ட்தான் வேணும்.

ரெண்டுலயும் ஊசி இல்ல, ஊதுற விதம்தான் வேற. ஸ்பைரோமெட்ரிக்கு பலூன் வெடிக்கிற மாதிரி ஒரே மூச்சா முழுசும் ஊதணும், ஃபீனோக்கு மெதுவா ஒரே சீரா 10 செகண்ட். ரெண்டும் எழுதியிருந்தா ஃபீனோவ முதல்ல எடுப்போம், வேகமா ஊதிட்டு வந்தா நம்பர் மாறும்.

வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி சாப்பாடு, காபி, பீடி எதுவும் வேண்டாம். கீரை, பீட்ரூட் சாப்பிட்டா அளவு ஏத்திக் காட்டும், அதனால அன்னிக்கு அதையும் விட்டுருங்க. இன்ஹேலர நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க, எப்போ கடைசியா எடுத்தீங்கன்னு மட்டும் கவுண்டர்ல சொல்லிடுங்க.