மதிப்பெண்ணுக்கு முன் இரண்டு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களுக்குப் படிப்பில் ஆர்வம் வர என்ன செய்யலாம் என்று கேட்டால், ஊக்கப் பேச்சாளரை அழையுங்கள், பரிசு அறிவியுங்கள் என்ற பதில்களே பெரும்பாலும் வருகின்றன. பேச்சின் சூடு மறுநாள் முதல் பீரியடுக்குள் ஆறிவிடும். பரிசுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதை விரும்பும் மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம் 'வரைந்தால் சான்றிதழ்' என்று முன்பே சொன்னார்கள். பின்னர் இஷ்டப்படி விளையாட விட்டபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. ஆகவே கெடுப்பது பரிசு அல்ல, பேரம். வாய்ப்பாடு போல யாருக்கும் பிடிக்காத வேலையைத் தொடங்கிவைக்க ஒரு சிறு பரிசு இருந்துவிட்டுப் போகட்டும்.

பரிசைவிட அதிகம் பேச வேண்டியது விடைத்தாளைத் திருப்பித் தரும் முறை. மதிப்பெண் இல்லாமல், எழுதிக் கொடுத்த குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்களின் ஆர்வமும் திறனும் கூடின, குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை என்று ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-இல் காட்டினார். வகுப்பறையில் இதைத் தினமும் பார்க்கலாம். எண் தெரிந்ததும் கண் பக்கத்து மாணவனின் தாளுக்குப் போய்விடும், சிவப்பு மையில் எழுதியதை யாரும் படிப்பதில்லை.

எனவே முதலில் மதிப்பெண் இல்லாமல் தாளைக் கொடுங்கள். எது சரி என்று ஒரு வரி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி போதும். 'கவனம் தேவை', 'இன்னும் முயற்சி செய்' என்பவை எழுதாததற்குச் சமம். எதில் கவனம் என்பதுதானே அவனுக்குத் தெரியவில்லை? 'மூன்றாம் வரியில் கழித்தல் குறி அடைப்புக்குள் இருக்கும் இரண்டாவது உறுப்புக்குப் போகவில்லை, அங்கிருந்து மறுபடி போடு' என்றால் கை உடனே வேலை செய்யும். திருத்துவதற்கு வகுப்பிலேயே பத்து நிமிடம் கொடுத்து, பிறகு மதிப்பெண்ணைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். 'வீட்டில் திருத்திக்கொண்டு வா' என்றால் பாதிப் பேர் வெறும் தாளோடு வருவார்கள், குறிப்பும் வீண்.

வாய்மொழிக் கேள்விக்கும் பொறுமை வேண்டும். கேள்வி கேட்டபின் மூன்று நொடி வாய்திறக்காமல் இருந்தாலே தயங்குகிறவர்களும் பதில் சொல்லத் தொடங்குவார்கள். ஒரே நொடியில் நாமே விடை சொல்லிவிட்டால், காத்திருந்தால் போதும் என்று வகுப்பு பழகிவிடுகிறது.

நாற்பது தாளுக்கும் எழுத நேரமேது என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நாற்பது தாளிலும் பெரும்பாலும் ஐந்தாறு வகைப் பிழைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கு எண் கொடுத்து, தாளின் ஓரத்தில் அந்த எண்ணை மட்டும் இட்டு, விளக்கத்தைக் கரும்பலகையில் ஒரே முறை எழுதினால் போதும். எந்த எண்ணிலும் அடங்காத தாள் ஒன்றிரண்டு இருந்தால் அந்த மாணவர்களை மட்டும் அழைத்துப் பேசலாம்.

இப்படிக்கு,
ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர்