பாதி லோரி இல்லைங்க, அதுதான் முழு லோடு: நம்ம வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அண்ணன்மார், அக்காமார், ரெனவேஷன் தம்பிங்க, கோயில் கமிட்டி ஐயாமார் எல்லாருக்கும் வணக்கம்.

தீபாவளி வாழ்த்தும் பொங்கல் லீவு அறிவிப்பும் தவிர நான் இப்படி நீட்டி எழுதுற ஆள் இல்ல, அது உங்களுக்கே தெரியும். ஆனா ரெண்டு வாரமா ஒரு வீடியோ சுத்துதுல்ல, நம்ம மணல் யார்டு டிப்பர் லோரி ஒரு தரைவீட்டு வாசல்ல நிக்குது, மாடியில இருந்து யாரோ எடுத்திருக்காங்க, தொட்டிக்குள்ள மணல் முக்கால் கூட இல்ல, பின்னாடி ஒரு குரல், "பாத்துக்குங்க, பாதி லோரிக்கு முழு காசு"ன்னு. ஜோகூர்ல இருக்குற என் மச்சான் கூட எனக்கே அனுப்பி "இது உங்க வண்டி மாதிரி இருக்கே மாப்ள"ன்னு கேக்குறார். கோப்பி கடையில ஒருத்தர் "என்ன போஸ், இன்னிக்கு கோப்பியும் பாதி கப்தானா"ங்குறார். சிரிச்சுட்டு வந்துட்டேன், ஆனா ராத்திரி தூக்கம் வரல.

வீடியோ எடுத்தவர் யாருன்னு எனக்குத் தெரியும், 9 வருஷ வாடிக்கையாளர், பேர சொல்லப் போறதில்ல, அவர் மேல கோபமும் இல்ல. சரி, கொஞ்சம் இருக்கு. ஒரு போன் அடிச்சிருக்கலாம்ல? விலை கூடிப்போச்சு, லேட்டா வந்தீங்கன்னு சொல்லுங்க, வாங்கிக்கிறேன். "ஏமாத்துறான்"னு சொன்னதுதான் தாங்கல. அப்பா சிங்கப்பூர் சுங்கை காடுட்ல இந்த யார்ட ஆரம்பிச்ச நாள்ல இருந்து அளவுல கை வெச்சதில்ல. 2007ல இந்தோனேசியா மணல் ஏத்துமதிய நிறுத்தினப்ப ஊரெல்லாம் மணல் விலை எகிறுச்சு, அப்ப கூட அப்பா பழைய ஆர்டர் எல்லாத்தையும் பழைய விலைக்கே இறக்கினார், அத வாங்கினவங்க சிலர் இதப் படிச்சிட்டு இருப்பீங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நம்ம டிப்பர் பக்கத்துல வந்தா டிரைவர் பக்கக் கதவப் பாருங்க, வெள்ளை பெயிண்ட்ல ரெண்டு நம்பர் எழுதியிருக்கும், ஒரு சைபர் பாதி உரிஞ்சு போயிருக்கு, அடுத்த வாரம் எழுதிடுவேன். யூஎல்டபிள்யூ 7,200, அது வெறும் வண்டியோட எடை. எம்எல்டபிள்யூ 16,000, அது சரக்கோட சேத்து வண்டி ரோட்டுல இருக்கக்கூடிய உச்ச எடை. கழிச்சா 8,800 கிலோ. அவ்வளவுதான் நான் ஏத்தலாம், எட்டு டன் எண்ணூறு கிலோ. தொட்டி எவ்வளவு பெருசா இருந்தாலும் சட்டம் பாக்குறது எடைய மட்டும்தான்.

நம்ம தொட்டி 7 கன மீட்டர் பிடிக்கும். காஞ்ச மணல் ஒரு கன மீட்டர் சுமாரா 1.6 டன், அப்ப அஞ்சரை கன மீட்டர்லயே லிமிட் வந்துடும், தொட்டியில மேல ஒரு ஜாண் காலியாத்தான் தெரியும். மழையில நல்லா ஊறின மணல் 2 டன் கிட்ட வரும், அப்ப நாலரை கன மீட்டர் கூட ஏத்த முடியாது. அதே வண்டியில செடி மண், உரம் கலந்த மண்ணு ஏத்தினா குமிச்சு ஏத்தலாம், அது லேசு. போன மாசம் செராங்கூன் கார்டன்ல ஒரு அக்காவுக்கு செடி மண் மலை மாதிரி வந்துச்சு, அதே தெருவுல மணல் வாங்கினவருக்கு தொட்டி காலியா தெரிஞ்சுது, ரெண்டு பேரும் பேசிக்கிட்டா சந்தேகம் வரத்தான் செய்யும், எனக்கே வரும்.

இன்னொன்னு சொல்றேன், இது அப்பா சொல்லிக் கொடுத்தது. தொட்டி நிறையறத வெச்சு மணல் வாங்குறதுதான் உண்மையில ஏமாற வழி. லேசா ஈரம் பட்ட மணல் உப்பும், கால் பங்கு வரைக்கும் கூட உப்பும், ஒவ்வொரு பருக்கைக்கும் நடுவுல தண்ணி ஒட்டிக்கிட்டு தள்ளித் தள்ளி நிக்கும். நம்பலன்னா யார்டுக்கு வாங்க, ஆபீஸ் வாசல்ல ஒரு பழைய பெயிண்ட் வாளி வெச்சிருக்கேன். ஈர மணல வாளி விளிம்பு வரைக்கும் போட்டு ஒரு கட்டையால சமப்படுத்துங்க, அப்புறம் டியூப்ப வெச்சு மெதுவா தண்ணிய விடுங்க. மணல் முழுசா மூழ்கினதும் பொசுக்குன்னு உள்ள இறங்கும், ஒரு ஜாண் இல்லாட்டியும் நாலு விரலாவது இறங்கிடும். மணல எங்கயும் அள்ளிப் போடல, வாளியும் ஓட்டை இல்ல. அந்த நாலு விரலும் காத்து. குமிச்சு ஏத்தினவன் உங்களுக்கு அந்தக் காத்தத்தான் வித்தான்.

இப்ப நீங்க கேப்பீங்க, "அப்ப முன்னாடி மட்டும் எப்படி நிரப்பிக் கொண்டு வந்தே"ன்னு. நியாயமான கேள்வி. கொண்டு வந்தோம். எல்லாரும் கொண்டு வந்தாங்க, நாங்களும் கொண்டு வந்தோம், கான்டிராக்டர் ஒரே டிரிப்ல முடிச்சுக் குடுன்னு கேப்பார், முடியாதுன்னா பக்கத்து யார்டுக்குப் போயிடுவார். 12 டன் வரைக்கும் ஏத்தியிருக்கோம். போன ஜூன்ல ரோட்டோரமா நிறுத்தி எடை போட்டாங்க, ஃபைன் கட்டினேன், எவ்வளவுன்னு கேக்காதீங்க, வீட்டுக்காரிக்கே பாதிதான் சொல்லியிருக்கேன்.

ஆனா நான் மாறினதுக்கு ஃபைன் மட்டும் காரணம் இல்ல. நம்ம டிரைவர் அண்ணன உங்களுக்குத் தெரியும், 14 வருஷம் நம்மகிட்ட இருந்தவர், எந்த வீட்டுக் கேட்டுக்குள்ளயும் ஒரே ரிவர்ஸ்ல வண்டிய ஏத்துவார், உங்க வீட்டு நாய் பேர் கூட அவருக்குத் தெரியும். ஒரு நாள் மவுண்ட் சினாய் இறக்கத்துல 12 டன்னோட இறங்கி வந்துட்டு, யார்டுல வண்டிய நிறுத்தி, சாவிய மேசையில வெச்சுட்டு சொன்னார், "தம்பி, மிதிக்கிறேன், வண்டி கேக்க மாட்டேங்குது." அவ்வளவுதான் சொன்னார். பின் சக்கரத்துக்கிட்ட போய் பாத்தேன், பிரேக் கருகின வாடை இன்னும் போகல. மாசக் கடைசியில வேற கம்பெனிக்குப் போயிட்டார், அங்க மாசச் சம்பளம். நான் அவருக்கு டிரிப் கணக்குலதான் காசு குடுத்துட்டு இருந்தேன். டிரிப் காசுன்னா என்ன ஆகும், டிரைவரும் வேகமா ஓட்டப் பாப்பார், ஏத்துறவனும் கூட ஏத்தப் பாப்பான். அது என் கணக்கு, அவர் கணக்கு இல்ல. இப்ப புதுசா வந்திருக்குற ரெண்டு தம்பிங்களுக்கும் மாசச் சம்பளம்தான். அவங்க இன்னும் ரூட்டு பழகிட்டு இருக்காங்க, புளோக் நம்பர் மாத்திப் போனா கோவிச்சுக்காம வழி சொல்லுங்க.

ரோட்டு விஷயம் ஒண்ணு இருக்கு, இத எனக்கு விளக்கினது பாலிடெக்னிக்ல சிவில் படிக்கிற, நம்ம வாடிக்கையாளர் ஒருத்தரோட பையன், ஸ்கூல் லீவுல இங்க பார்ட் டைம் வந்தான். அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல ஒட்டாவான்னு ஒரு ஊர் பக்கத்துல, ரோட்ட வளையம் வளையமா போட்டு, பட்டாளத்து ஆளுங்கள வெச்சு 1958ல இருந்து 1960 வரைக்கும் லோரிய ஓட்டிக்கிட்டே இருந்தாங்களாம், எந்த எடைக்கு எந்த ரோடு எப்ப உடையுதுன்னு பாக்க. அதுல வந்த கணக்குதான் இன்னிக்கு வரைக்கும் எல்லாரும் சொல்றது: ஒரு ஆக்சில், அதான் சக்கர அச்சு, அது மேல எடை ரெண்டு மடங்கானா ரோட்டுக்கு சேதம் ரெண்டு மடங்கு இல்ல, 16 மடங்கு. எடை எத்தனை மடங்கோ அத நாலு தடவை பெருக்கணும். நான் நம்பல, கால்குலேட்டர எடுத்து நம்ம வண்டிக்குப் போட்டுக் காட்டினான். 12 டன் ஏத்தினா மொத்தம் 19,200, லிமிட்ட விட 20 சதவீதம் கூட. 1.2 பெருக்கல் 1.2 பெருக்கல் 1.2 பெருக்கல் 1.2, ரெண்டுக்கு மேல வருது. 20 சதவீதம் கூட ஏத்தினதுக்கு ரோட்டுக்கு ரெண்டு மடங்கு அடி. அதுவும் கூடுதல் எடையில பெரும்பகுதி பின் ஆக்சில் மேலதான் உக்காரும், தொட்டி அங்கதான இருக்கு, அப்ப அந்த ஆக்சிலுக்குக் கீழ இன்னும் மோசம்.

24 டன் மணல் வேணும்னா முன்னாடி 2 டிரிப், இப்ப 3 டிரிப். "டிரிப் கூடினா ரோடு கூட தேயாதா"ன்னு நானும் கேட்டேன். இல்லையாம், 2 டிரிப் ஓவர்லோடு பண்ற சேதம் 3 சரியான டிரிப்ப விடக் கூடத்தான் வருது, திரும்பி வர்ற வெறும் வண்டி கணக்குலயே வராது.

நமக்கு இல்லினாய் எதுக்கு, யார்டுக்கு வெளிய சிக்னல் கிட்ட போய் பாருங்க. மத்தியான வெயில்ல தார் இளகி இருக்கும், அதுல லோரிங்க நின்னு நின்னு கிளம்பி சக்கரம் போற தடம் ரெண்டும் பள்ளமாயிருக்கு, நடுவுல மேடு. பஸ் ஸ்டாப்புல நிறைய இடத்துல தார் போடாம கான்கிரீட் போடுறது இதுக்குத்தான். மழை பெஞ்சா அந்தப் பள்ளத்துல தண்ணி நிக்கும், விரிசல் வழியா கீழ இறங்கும், அப்புறம் ஒவ்வொரு சக்கரமும் அந்தத் தண்ணிய அழுத்தி அடிமண்ண அரிச்சுடும், ஒரு நாள் காலையில குழி. விடியக்காலை ஜோகூர்ல இருந்து உட்லண்ட்ஸ் வழியா மோட்டார் சைக்கிள்ல வேலைக்கு வர்ற நம்ம ஆளுங்க எத்தனை பேர், அந்தத் தண்ணிக்கு அடியில பள்ளம் இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? குமிச்சு ஏத்தினா வளைவுல மணலும் சிந்தும், அது அதைவிட மோசம், ரெண்டு சக்கரத்துக்கு மணல் மேல பிரேக் பிடிக்காது.

போன வருஷம் ஒரு ஐயா வீட்டு வாசல்ல சாக்கடை மேல போட்ட கான்கிரீட் பலகை நம்ம பின் சக்கரத்துல விரிஞ்சுது, ஞாபகம் இருக்கும், மாத்திக் குடுத்தோம். அதுவும் 12 டன் நாள்தான். அப்ப ஒண்ணும் சொல்லல, இப்ப சொல்லிட்டேன்.

ஆகவே இனிமே எல்லா மணலும் கல்லும் டன் கணக்குலதான், டிரிப் கணக்குல இல்ல. ஒவ்வொரு லோடோடயும் எடைச் சீட்டு வரும், வெறும் வண்டி எடை, சரக்கோட எடை ரெண்டும் அதுல இருக்கும், டிரைவர் தம்பிகிட்ட கேட்டு வாங்கிக்குங்க, அவன் மறந்தாலும் நீங்க மறக்காதீங்க. துவாஸ்ல குப்பை கொட்டப் போனா கூட எடை போட்டுத்தான் காசு வாங்குறாங்க, நாம மட்டும் இத்தனை நாள் கண்ணளவுலயே ஓட்டிட்டோம். தார்ப்பாய் மூடாம எந்த லோடும் கேட்ட தாண்டாது.

விலை கொஞ்சம் கூடுது. டீசல் வரி 2017ல லிட்டருக்கு 10 காசு வந்துச்சு, 2019ல 20 காசாச்சு, ஜிஎஸ்டி 7ல இருந்து 8, 8ல இருந்து 9, அதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா, அதுக்கெல்லாம் நான் அப்பப்ப விலை ஏத்தல. இப்ப அதே மணலுக்கு டிரிப் கூடுது, சம்பளம் கூடுது, வண்டி 60க்கு மேல ஓடாம லிமிட்டர் பிடிச்சுக்கும், ஒரு நாளைக்கு இத்தனை டிரிப்தான்னு ஆயிடுச்சு. மணல் விலை டன் கணக்குதான், டெலிவரிக்கு மட்டும் டிரிப்புக்கு 40 வெள்ளி அடுத்த மாசம் 1ம் தேதியில இருந்து, ஏற்கனவே புக் பண்ணி வெச்சவங்களுக்கும் சேத்து, ஞாயித்துக்கிழமை டெலிவரி இப்போதைக்கு இல்ல.

வீடியோ லோடப் பத்தி ஒண்ணு விட்டுட்டேன். முந்தின நாள் ராத்திரி நல்ல மழை, யார்டுல குவியல் மேல தார்ப்பாய் போட மறந்துட்டாங்க, அந்த எடையில கொஞ்சம் தண்ணியும் இருந்திருக்கும். அவருக்கு 20 மூட்டை காஞ்ச மணல் அனுப்பிட்டேன், வாங்கிக்கிட்டார், வீடியோவ இன்னும் எடுக்கல.

மத்தபடி உங்க எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. வீடியோ வந்த அன்னிக்கே "நாங்க இருக்கோம், கவலப்படாதே"ன்னு போன் பண்ணின ரெனவேஷன் தம்பிங்க நாலு பேர், கும்பாபிஷேக வேலைக்கு மணல் உங்ககிட்டதான்னு அசையாம நின்ன கமிட்டி ஐயாமார், அப்பா காலத்துல இருந்து ஒரு கை மணல் வேணும்னாலும் இங்கேயே வர்ற பாட்டி ஒருத்தங்க, அவங்க துளசி மாடத்துக்கு மண்ணு எப்பவும் ஓசிதான், அதுக்கு எடைச் சீட்டு கிடையாது. டிரைவர் அண்ணன் கூட வீடியோவப் பாத்துட்டு கூப்பிட்டார், "தம்பி, சரியாத்தான் ஏத்தியிருக்கே"ன்னார்.

யார்டு சனிக்கிழமை மத்தியானம் 1 மணி வரைக்கும் திறந்திருக்கும். வாளியும் டியூப்பும் வாசல்லயே இருக்கு. குவியல் மேல தார்ப்பாய் இருக்கான்னு நீங்களே பாத்துட்டு ஆர்டர் குடுங்க.

இப்படிக்கு,
உங்க யார்டு தம்பி, சுங்கை காடுட்