விட்டுப்போன வரி எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசியல்வாதிகளின் மறுப்பறிக்கைகளில் 'அவுட் ஒஃப் கொன்டெக்ஸ்ட்' (முன்பின் பேச்சிலிருந்து பிரித்தெடுத்தது) என்ற ஆங்கிலச் சொற்றொடர் எதற்கெடுத்தாலும் வருகிறது, நீங்களும் அப்படியே அச்சிடுகிறீர்கள். "மீன் சினைப்படும் காலத்தில் மட்டும் மட்டக்களப்பு வாவியில் வலை போட வேண்டாம்" என்று ஒருவர் பேசி, தலைப்பில் "வாவியில் வலை போட வேண்டாம்" என்று மட்டும் வந்தால் அதற்குத்தான் இது பொருந்தும்; சொன்னது உண்மை, முன்பகுதி அறுபட்டதால் பொருள் திரிந்துவிட்டது. சொல்லாததைச் சொன்னதாகப் போட்டால் அது சுத்தப் பொய், அதற்கு இந்தப் பெயர் வேண்டாம். முழுப் பேச்சும் வந்த பிறகும் இதைச் சொல்லித் தப்பப் பார்ப்பவரிடம், சரி, விட்டுப்போன வரி எது என்று உங்கள் நிருபர் கேட்கட்டும். பதில் வராவிட்டால் அதையும் எழுதுங்கள். உண்மையிலேயே திரிக்கப்பட்டவர்கள் இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்குப் போகலாமே.

வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு