ஞாயிறு ட்ரோன் பறக்கவிட வருபவர்கள் படித்துவிடுங்கள்

வணக்கம் நண்பர்களே. போன ஞாயிறு நம் உறுப்பினர் ஒருவரின் ட்ரோன் காற்றில் இழுத்துக்கொண்டு போய், மைதான ஓரம் நின்ற பைக்கின் மேல் விழுந்தது. கண்ணாடி உடைந்தது, டேங்கில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். பைக்காரர் கேட்ட காசை நம் உறுப்பினர்தான் கைக்காசிலிருந்து கொடுத்தார். இரண்டடி தள்ளி ஒரு பையன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அதனால் இனி மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் (நம் ட்ரோனால் அடுத்தவருக்கு வரும் சேதம், காயத்துக்கு ஈடு தருவது) காட்டாமல் யாரும் ட்ரோனை மேலே ஏற்றக் கூடாது. 2021 ட்ரோன் விதிகளின்படி ட்ரோன் எடை 250 கிராமைத் தாண்டினாலே அது கட்டாயம். இருக்கிறது என்பவர்களும் பாலிசியை ஒருமுறை பிரித்துப் படியுங்கள். சொந்த ட்ரோன் சேதத்துக்கு மட்டும் எடுத்தது அடுத்தவர் காயத்துக்கு உதவாது.

அப்புறம், கிளம்புமுன் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தில் ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை போகலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் டிஜிசிஏவுக்கு (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தெரிவிக்க வேண்டும். மறைக்காதீர்கள், உடனே எனக்கு ஒரு போன் போடுங்கள், சேர்ந்தே செய்துவிடலாம். விதிமீறலுக்கு அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை.

பாலிசி நகலைச் சனி மாலைக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.